ஜனவரி கல்விச் சுற்றுலா: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கொச்சி, திருச்சூர் கல்விச் சுற்றுலா நடக்கும். டிசம்பரில் போவதாக இருந்ததை ஜனவரி கடைசி வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாகவே பள்ளி வாசலிலும் போனிலும் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "நிபா வர்ற ஊருக்கு ஏன் டீச்சர் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்க?" கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் உங்களிடம் கையெழுத்து வாங்குவது சரியில்லை. அதனால்தான் சுற்றறிக்கை அனுப்பாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிபா பயப்பட வேண்டிய நோய்தான். வந்தவர்களில் பாதிக்குப் பாதி, சில சமயம் அதற்கு மேலும் இறந்திருக்கிறார்கள். தடுப்பூசி கிடையாது. 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 பேர் இறந்தார்கள். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு 2021, 2023, 2024, 2025 என்று அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. நாம் போகிற கொச்சி இருக்கும் எர்ணாகுளம் மாவட்டத்திலும் 2019-ல் ஒரு இளைஞருக்கு வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு "ஒன்றும் ஆகாது, அனுப்புங்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதருக்கு வருகிறது. மனிதரிடமிருந்து இன்னொருவருக்குப் போக வேண்டுமென்றால் நோயாளியின் எச்சில், சளி, ரத்தம், சிறுநீர் படுகிற அளவுக்கு நெருக்கம் வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் நோயாளியின் வீட்டாரையும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களையும், மருத்துவமனை ஊழியர்களையுமே அது அதிகம் தாக்கியது. பாலக்காடு வழியாக ரயிலில் போவதால் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை அது. கோழிக்கோட்டிலிருந்து கொச்சி சுமார் 180 கிலோமீட்டர். அப்புறம், கேரளாவில் இது தலைகாட்டியதெல்லாம் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில். ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம்.

உங்களில் பலர் எனக்கு அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கவச உடை போட்டவர்கள் ஒரு உடலை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். "இன்று காலை, கேரளா" என்று மேலே யாரோ எழுதியிருக்கிறார்கள். வீடியோவை நிறுத்தி, அடியில் ஓடும் மலையாளச் செய்தியை எங்கள் ஆசிரியை ஒருவர் படித்துச் சொன்னார்: அது 2018 மே மாதத்துச் செய்தி. 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்று ஒரு பேர் கிளம்பியதே, நினைவிருக்கிறதா? சென்னையில் ஒருவருக்கு, சேலத்தில் ஒருவருக்கு என்று அரசு சொன்னதும் அந்த வாரம் எத்தனை குடும்பங்கள் பொங்கல் பயணத்தை யோசித்தன! அது 2001-லேயே கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ், பெரும்பாலும் சளி காய்ச்சலோடு போய்விடுகிறது. ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் தேதியைப் பாருங்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். அதைப் படித்து ராத்திரி தூங்காமல் இருப்பது உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழியின் அம்மாதான்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. நிபாவைப் பற்றிக் கேட்ட பெற்றோர் ஒருவர்கூட, பிள்ளைகள் எந்த வண்டியில் போகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று என்னிடம் கேட்கவில்லை. எனக்கு இருக்கும் பயம் முழுக்க அங்கேதான்.

2022 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா கிளம்பிய பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே நள்ளிரவில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் படகு மூழ்கி 15 மாணவர்களும் மூன்று ஆசிரியர்களும் போனார்கள். 2023 மே மாதம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர். ஒரு வைரஸின் பேர் காதில் விழுந்ததும் பதறுகிற நாம், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டிரைவரைப் பற்றி யோசிப்பதில்லை.

அதனால் நாங்கள் முடிவு செய்திருப்பது இது. சென்னை சென்ட்ரலிலிருந்து போக வர ரயில்தான். கொச்சியிலும் திருச்சூரிலும் உள்ளூரில் சுற்ற மட்டும் பேருந்து. இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அது நகராது. பள்ளிச் சுற்றுலாக்களுக்குக் கேரள அரசு வைத்திருக்கும் விதியும் அதுதான், நாமும் அதைப் பிடித்துக்கொள்கிறோம். மூணாறு வேண்டும் என்று பிள்ளைகள் ரொம்பவே ஆசைப்பட்டார்கள். நேரம் போதாமல் மலைப்பாதையில் இருட்டிலும் போக வேண்டிவரும் என்பதால் எடுத்துவிட்டேன். தனியார் படகில் யாரும் ஏற மாட்டார்கள். தீவுகளுக்குப் போவது கொச்சி வாட்டர் மெட்ரோவில்தான், அதிலும் உட்கார இடம் இருந்தால் மட்டும். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, பழைய முசிறித் துறைமுகம் இருந்ததாகக் கருதப்படும் பட்டணம் என்ற கிராமம், செறுதுருத்தியில் கதகளி கற்றுத் தரும் கலாமண்டலம், இவ்வளவும் பகலிலேயே பார்த்து முடிக்கலாம்.

குளம், ஆறு, நீச்சல் குளம் எதிலும் குளிக்க அனுமதி கிடையாது. மூழ்கும் ஆபத்து ஒரு பக்கம். கேரளாவில் அண்மை ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பல பேரைப் பிடித்திருக்கிறது. தேங்கிய தண்ணீரில் குளிக்கும்போது மூக்கு வழியாக ஏறுகிற கிருமி அது. குடித்தால் வராது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் தொற்றாது. மரத்தடியில் விழுந்து கிடக்கும் கொய்யாவையோ, அணில் வௌவால் கடித்த பழத்தையோ தொடக் கூடாது என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

டிசம்பரை விட்டதற்குக் காரணம் நம் ஊர் மழை. 2015 டிசம்பரில் விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது. 2023-ல் மிக்ஜாம் புயலில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் ஏறி, சென்ட்ரல் வண்டிகள் வரிசையாக ரத்தாயின. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் வந்தது. ஜனவரி நடுவில் மகரவிளக்கு முடியும்வரை கேரள வண்டிகளில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், கூடவே பொங்கல் கூட்டமும். அதெல்லாம் அடங்கிய பிறகுதான் கிளம்புகிறோம்.

சரி, ஜனவரியில் நிலைமை மாறினால்? 2020 மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது, 25-ஆம் தேதி நாடே பூட்டிக் கிடந்தது. இரண்டே வாரம். ஆகவே இன்றைக்கு முடிவு செய்துவிட்டோம், இனி மாற்ற மாட்டோம் என்று இருக்க மாட்டோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும், முந்தின நாளும் கேரள, தமிழ்நாடு சுகாதாரத் துறை அறிவிப்புகளைப் பார்ப்போம். எர்ணாகுளம், திருச்சூர் மாவட்டங்களில் எங்காவது நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி அறிவித்தாலோ, நம் அரசு போக வேண்டாம் என்றாலோ சுற்றுலா ரத்து. ரயில்வே வண்டியை ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பும். நாமே ரத்து செய்தால் பிடித்தம் இருக்கும், அதைப் பள்ளி ஏற்றுக்கொள்ளும். தங்குமிடம், பேருந்து முன்பணம் பற்றி எழுத்தில் வாங்கியிருக்கிறோம், அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள்.

இனி நான் உங்களிடம் கேட்பது. கிளம்பும் நாள் மத்தியானம் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. ஆறு மாதமாக ஆசை ஆசையாகக் காத்திருந்த பிள்ளை, முகத்தைப் பார்த்தால் மனசு கேட்காது. ஒரு பாராசிட்டமால் கொடுத்தால் சென்ட்ரல் வரும்போது நெற்றி குளிர்ந்துதான் இருக்கும். காட்பாடி தாண்டும்போது மறுபடி ஏறும். அந்த ராத்திரியில், ஓடுகிற வண்டியில், டெங்குவா சாதாரணக் காய்ச்சலா என்று தெரியாமல் ஒரு ஆசிரியை உங்கள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காய்ச்சலால் நின்றுவிட்ட பிள்ளைக்கு முழுப் பணமும் திருப்பித் தரப்படும், ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். வீசிங், வலிப்பு, ஒவ்வாமை எது இருந்தாலும் படிவத்தில் எழுதுங்கள். அது வகுப்பாசிரியரையும் என்னையும் தாண்டிப் போகாது. அந்தத் தேதிகளில் மாதவிலக்கு வரக்கூடிய பெண் பிள்ளைகள் உடன் வரும் ஆசிரியைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேவையானதை அவர்கள் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். உங்கள் பிள்ளை, உங்கள் முடிவு. அதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், வகுப்பிலும் சொல்ல விட மாட்டேன். போகாத பிள்ளைகளை அதே நாட்களில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் அமராவதிச் சிற்பங்களையும் வெண்கலச் சிலைகளையும் காட்ட வரலாற்று ஆசிரியர் ஏற்பாடு செய்திருக்கிறார். அதற்குக் கட்டணம் இல்லை.

குடும்பத்தோடு மே விடுமுறையில் வெளியூர் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் சில நாள் மூடப்பட்டன. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் திரும்புவதாக டிக்கெட் போடாமல், கையில் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் அதற்கான தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த ஊர் போய் வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், எங்களுக்கும் ஒரு போன் போடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பள்ளிக் கூடத்தில் கூட்டம். ஒரு குழந்தை நல மருத்துவரும் வருகிறார், நிபா பற்றி என்னைவிடத் தெளிவாகச் சொல்வார். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாவிட்டால் தாத்தா பாட்டியை அனுப்பினாலும் சரி. ஒப்புதல் படிவம், உடல்நிலைப் படிவம் இரண்டும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியர் கையில் வந்து சேர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் பேருந்து நேரம் இருக்கும் பின்பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சென்னை