கனத்த மிதப்பு

பாம்பன்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். ஏப்ரல் 15-ல் விசைப்படகுகளைக் கரையில் கட்டியாச்சு, 61 நாள் தடைக்காலம். கடலுக்குப் போகாத கைக்கு வலை வேலைதான். முந்தாநாள் வலைக்கு மிதப்பு குறைந்ததால், வேலியில் கயிறு கயிறாய்த் தொங்கும் பழசில் ஒன்றை அவிழ்த்தேன். கையில் கனத்தது.

மிதப்பு கனக்குமா? நகத்தால் சுரண்டினால் உள்ளே செங்கல் நிறம், சுட்ட மண். வெயிலில் வெளுத்த மஞ்சள், கயிறு தேய்த்த பள்ளம், கடலில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு பெயர்ந்த தழும்பு எல்லாம் அச்சு அசல். தேடிப் பார்த்ததில் அப்படி மூன்று.

கல்லூரிக் கடைசி வருசம் லீவுக்கு வந்தபோது, "என் வேலையை வேலியில வச்சிருக்கேன், பாருங்கப்பா" என்றாய். பார்த்தேன், வேலிதான் தெரிந்தது. ஃபீஸ் கட்டினவனைக் கேலி பண்ணுகிறாயா என்று கத்தினேன். நீ சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து தினமும் அதைத் தாண்டித்தான் துறைக்குப் போய் வருகிறேன். அம்மா அதன்மேல்தான் சேலை காயப்போடுகிறாள்.

போன மாசம் நியூயார்க்கிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சத்தம் அனுப்பினாயே, ஜெனரேட்டர் என்று நினைத்து அழித்துவிட்டேன். டைம்ஸ் சதுக்கத்தில், ஆட்கள் நடக்கிற இரும்புக் கிராதிக்கு அடியில் மேக்ஸ் நியூஹாஸ் என்கிற கலைஞர் 1977-ல் வைத்தது, பெரிய மணி அடித்து ஓய்ந்தபின் நிற்கிற ரீங்காரம் மாதிரி என்று நீ விளக்கினாய். 1992-ல் நின்று 2002-ல் திரும்பத் தொடங்கியதாகவும் சொன்னாய். எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினேன். பேர்ப்பலகைகூட வைக்கவில்லையாமே! நம்மூரில் தண்ணீர்த் தொட்டிக்கே திறந்து வைத்தவர் பேரைக் கல்லில் வெட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை அனுப்பு.

ஒரு குறையும் உண்டு. அவசரத்தில் யாராவது இதை வலையில் கட்டியிருந்தால் மேல்கயிறு தாழ்ந்து மீன் தப்பியிருக்கும். கடல்காரன் மகள் அதை யோசிக்க வேண்டாமா?

மூன்றையும் இருந்த இடத்திலேயே கட்டிவிட்டேன். சாயங்காலம் கச்சான் காற்று எழும்பியது. மற்ற மிதப்பெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஆட, அந்த மூன்று மட்டும் தொங்கினபடியே நின்றன. இதைத்தானா பார்க்கச் சொன்னாய்? அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருட்டும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

நான் சுரண்டின இடம் சிவப்பாய்த் தெரிகிறது. எந்தச் சாயம் பூசினாய் என்று எழுது.

அப்பா