சிரஞ்சீவிக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது

உ
சிவமயம்
காரைக்குடி

சிரஞ்சீவி தம்பிக்கு அப்பச்சியின் ஆசீர்வாதம்.

நீ வாங்கியிருக்கும் பழைய போர் விமானத்தை எடுத்து அனுப்பிய எட்டுப் படங்களும் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆத்தா அவற்றைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சின்ன விமானமா" என்றாள். 1971 போரில் ஸ்ரீநகர் வானில் நம் விமானப்படை விமானி நிர்மல்ஜித் சிங் செக்கோன் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்துப் போரிட்டு உயிரை விட்டது இந்த நாட் வகை விமானத்தில்தான் என்று சொன்னேன். அந்த வகையில் ஒன்று என் மகன் கொட்டகையில் நிற்கிறது என்பது எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஐந்தாவது படத்தை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இறக்கை உடலோடு சேரும் இடத்தில், ஒரு திருகாணியைச் சுற்றி, வண்ணப்பூச்சு அப்பளக் கொப்புளம் போல் எழும்பியிருக்கிறது. சிக்ரியில், இங்கிருக்கும் மின்வேதியியல் ஆய்வகத்தில், முப்பத்தொரு வருடம் உலோக அரிமானத்தோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்: அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். மண்டபம் ஊரில் கடலைப் பார்த்தபடி சோதனைத் தகடுகளை வரிசையாக மாட்டி வைப்போம். மேலே பளபளப்பாக இருந்த தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்து வெள்ளைப் பொடி கொட்டும். நம் வளவுச் சுவரில் பூச்சு விட்டுப்போன இடத்தை ஐயா விரலால் தட்டியே கண்டுபிடிப்பார் அல்லவா, அப்படி ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார். கொப்புளத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் வண்ணம் அடித்துவிடாதே. திருகாணியைக் கழற்றி, உள் துளையைப் பார்த்து, தெரிந்தவரிடம் சோதனைக்குக் கொடு.

இருக்கையைப் பற்றி நீ எதுவுமே சொல்லவில்லை. ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் வெடிமருந்துத் தோட்டாக்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி என்ன? இல்லை, தோட்டாக்களையே எடுத்துவிட்டாயா? 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஒரு நாட் விழுந்து அதை ஓட்டியவர் இறந்தார். அதே மாதம் ஷோர்ஹாமில் ஒரு பழைய ஹண்டர் ஜெட் விமானம் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள்; பதினொருவரும் கீழே இருந்தவர்கள். திருகாணியைக் கழற்று, தட்டிப் பார், தேதியைப் பார். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மருமகள் ஞாயிற்றுக்கிழமை பேசினாள். நீ கொட்டகையிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இங்கே நல்ல மழை.

ஒன்று சொல்ல வேண்டும். ஐயாவின் ஆஸ்டின் காரைப் பங்காளிகள் வற்புறுத்தியதால் கொடுத்துவிட்டோம் என்று உனக்கு எழுதினேன். அது உண்மை அல்ல. ஒருவரும் கேட்கவில்லை. நீ விடுதியில் இருந்தாய். பட்டாலை ஓரத்தில் எவர்சில்வர் தாம்பாளத்தில் அதன் கார்புரேட்டரைப் பிரித்து, சின்னது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்கி, மேலே துணி போட்டு வைத்திருந்தாய். படிப்பு கெடுகிறது என்று பயந்து நானே பழைய இரும்புக்காரரை வரச் சொல்லி எடைக்குப் போட்டேன். விடுமுறைக்கு வந்து நீ அந்தத் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அன்றிலிருந்து நீ எதையும் முடித்துவிட்டுத்தான் எனக்குக் காட்டுகிறாய். இந்த விமானத்தையும் வாங்கிய பிறகுதான் சொன்னாய்.

கார்புரேட்டர் பெட்டகத்தில் இருக்கிறது. வருடம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன். அதன் உள்ளே ஜெட் என்கிற சின்னத் துளைத் திருகுகள் உண்டே, அதில் ஒன்றுகூடத் தொலையவில்லை. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள இருவரும் வர முடியுமா என்று ஆத்தா கேட்கச் சொன்னாள். வர முடியாவிட்டால் தோட்டாவின் தேதியையாவது எழுது.

அப்பச்சி