பொங்கலுக்கு வருமுன் என் ஹார்ட் டிஸ்க் பற்றி

அன்புள்ள கோமதிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலம்தானே. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மழை விட்டு இரண்டு நாளாக வெயில் அடிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வரும்போது என் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, ரா ஃபைல்களை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலப் படங்களை) எல்லாம் வழக்கமான ஜேபெக் படங்களாக மாற்றி, கிளவுடில் ஏற்றிவிட்டு மூலத்தை அழித்துவிடலாம் என்று போனில் சொன்னாய். இருக்கிற டிஸ்குகள் நிறைந்து, இன்னொன்று வாங்கித் தா என்று கேட்கிற அப்பா மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் கை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

'விசேஷம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, நெல்லையப்பர் கோவில் ஆனித் தேர் எல்லாம் அதில். அவை ஜேபெக்தான், உனக்கு அங்கே வேலையே இல்லை. கல்யாண வீட்டில் எடுத்த படம் அன்று ராத்திரியே உன் சித்திக்கு வாட்ஸப்பில் போயாக வேண்டும். நான் ஒரு வாரம் உட்கார்ந்து நிறம் சரிசெய்து தருகிறேன் என்றால் யார் காத்திருப்பார்கள்? தேரும் அப்படித்தான். வடம் அசைகிற நேரத்தில் விரலை எடுக்காமல் அழுத்தவேண்டும். ரா வைத்தால் கொஞ்ச நேரத்தில் கேமராவின் பஃபர், அதாவது தற்காலிக நினைவகம், நிறைந்து, கார்டில் எழுதி முடிக்கும்வரை வேகம் படுத்துவிடும். அதற்குள் தேர் அடுத்த ரத வீதிக்குத் திரும்பியிருக்கும்.

நீ கை வைக்கக் கூடாதது 'கூந்தன்குளம்'. சனிக்கிழமை ராத்திரியே பேட்டரி சார்ஜ் போட்டு வைத்து, ஞாயிறு விடியுமுன் கிளம்பி, மூலைக்கரைப்பட்டியில் டீ குடித்துவிட்டுப் போய்ச் சேரும்போது வெளிச்சம் வரத் தொடங்கியிருக்கும். 1994-ல்தான் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே காத்து வருகிறார்கள். பறவைகள் குளத்தில் மட்டும் இல்லை, தெருவில், வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டியிருக்கும். எச்சம் விழுகிறது, நாற்றம் அடிக்கிறது என்று யாரும் விரட்டுவதில்லை. அந்த எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். படம் எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும்? கூழைக்கடா நமக்கு முன்னாலேயே, ஓட்டுக் கூரைக்கு மேல் இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், அங்கே இருப்பதில் பாதி வெள்ளைப் பறவை. பின்னால் கருவேல மரத்தின் இருட்டு. காலை வெயில் நேராக இறகில் அடிக்கும். கேமரா இருட்டைப் பார்த்துக் கூடுதல் வெளிச்சம் விடும், வெள்ளை இறகு சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். சங்குவளை நாரையின் வாலுக்கு மேலே மெல்லிய ரோஸ் நிற இறகுகள் உண்டு, பார்த்திருக்கிறாய் அல்லவா? முதலில் தொலைவது அதுதான். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் இருட்டாக எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் கம்ப்யூட்டரில் நிழலைத் தூக்கிவிடுகிறேன், அதாவது இருண்ட பகுதியை வெளிச்சமாக்குகிறேன். ஜேபெக்கில் அப்படித் தூக்கினால் கருப்புப் பகுதியில் கட்டம் கட்டமாகப் பிசிறு தெரியும்.

காரணம் உனக்குத் தெரியாததல்ல. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள். என் நிக்கான் ராவில் 14 பிட், 16,384 படிகள். ராவின் படிகள் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் எண்ணுபவை, ஜேபெக்கின் படிகள் அப்படி இல்லை, இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்று நீ வாதாடுவாய். உண்மைதான், ஒப்பிடாதே. நிழலைத் தூக்கும்போது எது தாங்குகிறது என்று மட்டும் பார். ஆனால் ராவும் மந்திரம் இல்லை. முழுக்க வெளுத்துப்போன இறகை அதாலும் மீட்க முடியாது. ராவில் எடுத்தால் எதையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்கிறவன் கூந்தன்குளத்துக்கு வந்ததில்லை.

கிருஷ்ணாபுரம் படங்களும் அப்படியே இருக்கட்டும். திருச்செந்தூர் சாலையில் போகும்போதெல்லாம் "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று நீ சொல்வாயே, அந்த வெங்கடாசலபதி கோவில்தான். குறவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிற தூண், வீரபத்திரர், ரதி எல்லாம் மண்டபத்தின் அரை இருட்டில் நிற்கின்றன. ஒரு பக்கம் வெளியிலிருந்து வரும் பகல் வெளிச்சம், இன்னொரு பக்கம் மஞ்சள் பல்பு. ஒரே சிலைக்கு ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். ஜேபெக்கில் எது வெள்ளை என்று கேமராவே ஒரு முடிவு செய்து பூட்டிவிடும். ராவில் அந்த முடிவை நான் வீட்டில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கனவே சரிசெய்து முடித்த படத்துக்கு மூலம் எதற்கு என்று கேட்டாயே, அதற்கு என் பதில் இது. கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது, அதிலும் பாதிப் புள்ளிகள் பச்சை. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. மற்ற இரண்டு நிறத்தை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பவேண்டும். ஜேபெக் எடுத்தால் கேமரா அந்த நொடியே கணக்கை முடித்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். ராவில் கணக்கு பாக்கி நிற்கும். கணக்குப் போடும் சாஃப்ட்வேர் வருஷத்துக்கு வருஷம் தேறுகிறது. கோவில் இருட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றி எடுத்த என் பழைய படங்களை இப்போதைய சாஃப்ட்வேரில் திறந்தால், அன்று சலித்து எடுக்க முடியாத பிசிறு போய்விடுகிறது. இதே படம் பத்து வருஷம் கழித்து இன்னும் நன்றாக வரலாம். மூலத்தை அழித்துவிட்டால் அந்தக் கதவு மூடிப்போகும். எங்கள் கல்யாண ஆல்பம் சிவப்பேறிப் போய்க் கிடக்கிறது, பார்த்திருப்பாய். நெகட்டிவ் இருந்தால் இன்று ஸ்கேன் செய்து புதிதாகப் போட்டுவிடலாம். ஸ்டுடியோக்காரர் அப்போதே கொடுத்திருக்கலாம்!

இதையெல்லாம் சொல்வதால் ராவில் எடுப்பவன்தான் போட்டோகிராபர் என்று நினைத்துவிடாதே. என்னோடு வருகிற தலைமையாசிரியர் ஜேபெக் தவிர வேறு தொடமாட்டார். ஞாயிறு மதியம் சாப்பிடுவதற்குள் அவர் படங்களை அனுப்பிவிடுவார், பெரும்பாலும் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும். வெளிச்சத்தை அங்கேயே சரியாகப் பிடித்துவிடுகிறவருக்கு மறுபரிசீலனை எதற்கு? ராய்ட்டர்ஸ் நிறுவனமே 2015-ல், தன் ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்கள் கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்த படங்களைத்தான் அனுப்பவேண்டும், ராவிலிருந்து மாற்றியது வேண்டாம் என்று சொன்னது. செய்திக்கு வேகமும் நம்பகமும் முக்கியம். எனக்கு எந்த அவசரமும் இல்லை, ரிட்டயர் ஆனவன். திங்கள், செவ்வாயில் உட்கார்ந்து நிழலைத் தூக்குவதும் இறக்குவதும்தான் எனக்குப் பொழுது.

எனவே சுத்தம் செய்வதென்றால் இப்படிச் செய். எனக்குப் பிடித்தவற்றுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். நட்சத்திரம் இல்லாத பறவை ராக்களைத் தாராளமாக அழி. ஒரே கூழைக்கடா ஒரே கிளையில் உட்கார்ந்திருக்கும் படங்கள் எனக்கே அலுத்துவிட்டன. ஒவ்வொன்றும் 25, 30 எம்பி, நிறைய இடம் கிடைக்கும். ஆனால் ரா பக்கத்தில் அதே பெயரில் எக்ஸ்எம்பி என்று முடிகிற குட்டி ஃபைல் இருக்கும். சில கேபிதான், பார்த்தால் குப்பை மாதிரி இருக்கும். டார்க்டேபிள் என்ற ரா திருத்தும் சாஃப்ட்வேரில் நான் செய்த திருத்தம், நட்சத்திரம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. நீ குப்பை என்று நினைத்துத் துடைத்தால், டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது என் திங்கள், செவ்வாய் எல்லாம் போச்சு.

கிளவுட் வேண்டுமானால் முடிந்த ஜேபெக்குகளை ஏற்றிவிடு, நீயும் அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம். மூலத்துக்கு ஒரு டிஸ்க் இங்கே, அதன் நகல் ஒன்று உன் வீட்டு அலமாரியில். திரும்பும்போது கையோடு எடுத்துப் போ.

குளத்தில் இந்த வருஷம் தண்ணீர் நன்றாக இருக்கிறது. வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புப் பட்டை போட்ட அந்த வரித்தலை வாத்துகள், இமயத்தைத் தாண்டி வருபவை, பொங்கல் சமயத்தில் இருக்கும். சின்னவனைக் காணும் பொங்கலுக்கு முந்தின நாள் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். காலை நாலரைக்கு எழுப்புவது உன் பொறுப்பு.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். போன தடவை அவர் ஐபோனிலிருந்து பென்டிரைவில் போட்டுத் தந்த சின்னவன் படங்கள் ஹெச்இஐசி என்ற வகை ஃபைலாக இருக்கின்றன, என் கம்ப்யூட்டர் திறக்கமாட்டேன் என்கிறது. போனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்துக்கொண்டால் இனி ஜேபெக்காகவே வரும். பழையது பென்டிரைவில் அப்படியே இருக்கிறது. ஜேபெக்காக மாற்றியே தீரவேண்டும் என்றால் அதிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
அப்பா