பொருள்: ஒரே செலவை இரண்டு தடவை எழுதும் உங்கள் செயலியும் எனது 4,800 ரூபா சந்தாவும்

உப்புவெளி,
திருகோணமலை.
யூன் 2

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம் இது. முதல் ஐந்துக்கும் "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. கிடைத்தது சரி, யாராவது வாசித்தீர்களா?

வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் உங்கள் செயலியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த மஞ்சள் பொத்தானைத்தான் சொல்கிறேன். அதை அழுத்திவிட்டால் வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்களை அதுவே படித்துச் செலவில் போடுகிறது. நல்லது. ஆனால் ஏடிஎம்மில் 10,000 ரூபா எடுத்தாலும் செலவென்று எழுதுகிறது. அந்தக் காசில் மீனும் மரக்கறியும் வாங்கி நான் பதிந்தால் திரும்பவும் செலவென்று எழுதுகிறது. சம்பளக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு மாற்றிய காசையும் விடவில்லை. சேமித்தால் செலவு கூடுகிற கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கையால் பதியாமல் விடுங்கள் என்றார்கள் உங்கள் ஆட்கள். அப்போ மீனுக்கு எவ்வளவு போனதென்று எப்படித் தெரியும்? எங்கள் வாசலுக்கு வரும் மீன்கார அண்ணர் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை.

மார்ச் மாதம் 38,000 ரூபா மேலதிகச் செலவென்று சிவப்பில் காட்டியது. பயந்துபோய் மகளின் கணித டியூஷனை நிறுத்தினேன். ஒரு கிழமை நானும் இவரும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. பிறகு கையால் கணக்கெழுதும் பழைய சீ.ஆர். கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தால், அந்த மாதம் எங்களுக்கு 2,000 ரூபா மிச்சம்!

தொலைபேசியில் கேட்டபோது கொழும்பு அலுவலகத்துக்குப் போனைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். ஏறத்தாழ 260 கிலோமீற்றர், இரவு பஸ். விடிய இறங்கி, ஒன்பது மணி வரை வாசலில் நின்றேன். உள்ளே இருந்த தம்பி என் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தன் போனைத் தடவிக்கொண்டே, "அம்மா, நீங்கதான் கூடச் செலவழிச்சிருப்பீங்க, ஆப் பொய் சொல்லாது" என்றார். பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். அப்புறம், செயலி விஷயங்களை அங்கே பார்ப்பதில்லையாம், செயலிக்குள்ளேயே முறைப்பாடு போட வேண்டுமாம். அன்று தங்கச்சி வீட்டுக்கும் போனேன் என்பது உண்மைதான். ஆனாலும் உங்களால்தான் அந்தப் பயணமே. பஸ் காசு, சாப்பாடு, ஒரு நாள் லீவு, டியூஷன், என் நிம்மதி எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சம் ரூபா நட்டம். குறைத்துத்தான் சொல்கிறேன்.

மின்சார பில்லைச் சொல்ல மறந்துவிட்டேன். அதைக் குறைக்கத்தான் உங்களிடம் வந்ததே. 30 நாளில் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். இது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் செயலிக்குத் தெரியாது. 62 யூனிட் போட்ட மாதம், "போன மாதத்தை விட நான்கு யூனிட்தான் கூட, நன்றாகச் செய்கிறீர்கள்" என்று பச்சை முகம் காட்டிச் சிரித்தது. பில் வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீற்றர் பார்ப்பவர் 33 நாள் கழித்து வந்தால் அந்த எல்லையும் நாளுக்கேற்ப நகரும் என்பதும் அதற்குத் தெரியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறேன். போன மாதம் 57.

இவ்வளவுக்கும் நடுவில், ஏப்ரல் 3 ஆம் திகதி கேட்காமலேயே அடுத்த வருடச் சந்தா 4,800 ரூபாவை என் அட்டையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்த ஒரு செலவை மட்டும் செயலி ஒரே தடவைதான் பதிந்திருக்கிறது, அதுவும் 'கல்வி' என்ற தலைப்பில்.

தயவுசெய்து அந்தக் காசைத் திருப்பித் தாருங்கள், சந்தாவையும் நிறுத்துங்கள். 14 நாள் பொறுத்திருப்பேன். அதற்குப் பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் எனக்குப் பாடம். அந்தச் சபைக்கான 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதும் தெரியும், காலம் இன்னும் இருக்கிறது. அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. உங்களிடமும் நல்ல பிள்ளைகள் இருப்பார்கள். அந்தத் தம்பி மட்டும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்கட்டும், தொலைபேசியில் என்றாலும் போதும்.

செயலியைப் போனிலிருந்து அழித்தாலும் சந்தா நிற்காதாம், விசாரித்துவிட்டேன். ஆனாலும் இன்று காலை அழித்துவிட்டேன். நீங்கள் காசைத் திருப்பிப் போட்டதும் வங்கி எஸ்எம்எஸ் அனுப்பும், அதையும் அது செலவில் எழுதிவிடக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு வருட வாடிக்கையாளர்