கீழ்ப்பாதி சூடேறாத ரேடியேட்டர்

திருவொற்றியூர்
போகிக்கு முந்தின ஞாயிறு

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சின்னவன் வண்டி மாற்றிவிட்டான். தெருப் பையன்கள் இப்போதே போகி மேளம் வாங்கி அடித்துக்கொண்டு திரிகிறார்கள். மிச்சத்தை அம்மா போனில் சொல்லியிருப்பாள். நான் நேராக, பாய்லர் வெந்நீர் உள்ளே சுற்றி உன் லண்டன் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு வருகிறேன்.

போன வாரம் வீடியோவில் பேசியபோது வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டிருந்தாய். செவ்வாய்க்கிழமை, உங்கள் ஊரில் நடு மத்தியானம். அம்மா கேட்டதற்கு, "ரேடியேட்டர் மேல சுடுது, கீழ சில்லுன்னு கிடக்குதும்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு. வேலைக்காலம் முழுக்க எண்ணூர் தெர்மலில் பாய்லர் பக்கம் நின்றவன் வீட்டில் இருக்கிறான், நீ "பாத்துக்கலாம்" என்கிறாய். போகட்டும்.

மேலே சில், கீழே சூடு என்றால் உள்ளே காற்று. சாவி போட்டு உச்சியில் இருக்கும் குமிழைக் கால் சுற்று திறந்தால் காற்று போய்விடும், ஐந்து நிமிஷ வேலை. உன்னுடையது தலைகீழ். மேலே சூடு, கீழே சில் என்றால் அடியில் சேறு உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் குமிழைத் திறந்து பிரயோஜனம் இல்லை. சேறு என்றால் வெளியிலிருந்து வந்த மண் இல்லை, ரேடியேட்டரின் சொந்த இரும்பு. உள்சுவர் அரித்துக் கறுப்புப் பொடியாகி, தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்து, ஓட்டம் மெதுவாகும் இடத்தில் படிந்துவிடும். காந்தம் வைத்தால் ஒட்டும். மேக்னடைட் என்று எங்கள் கெமிஸ்ட் சொல்வார்.

எங்கள் பாய்லரில் இதே மேக்னடைட்டைப் பார்த்தால் சந்தோஷப்படுவோம். அந்தச் சூட்டில் அது குழாயின் உள்சுவரில் மெல்லிய கறுப்புத் தோலாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். உன் வீட்டில் அந்தச் சூடு கிடையாது. அதனால் பிடிக்காமல் உதிர்ந்து திரிகிறது. 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் நிறுத்தும்வரை அந்த ஐந்து யூனிட்டிலும் நாள் தவறாமல் நடந்த வேலை தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை விரட்டுவதுதான். டீஏரேட்டரில் ஆவி கொடுத்து விரட்டுவோம். மிச்சம் இருப்பதற்கு ஹைட்ரசின் என்ற மருந்து. அதற்கும் தப்பிப் படியும் சகதியை ப்ளோ டவுன் வால்வு திறந்து அடியிலிருந்தே வெளியே தள்ளிவிடுவோம். 450 மெகாவாட்டுக்கு நிலக்கரி, டர்பைன் என்று எல்லோரும் பேசுவார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உன் வீட்டில் டீஏரேட்டரும் இல்லை, ப்ளோ டவுனும் இல்லை. ஒரு தடவை ஊற்றின தண்ணீரே வருஷக்கணக்கில் சுற்றுகிறது.

அது தப்பில்லை, அதுதான் முறை. புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இரும்பு தின்று தீர்த்ததும் அரிப்பு அடங்கிவிடும். மறுபடி புதுத் தண்ணீர் சேர்த்தால் மறுபடி அதற்குத் தீனி. அதனால் பெரியவனே, முதலில் இதற்குப் பதில் சொல்: பாய்லர் அடியில் இருக்கும் பிரஷர் மீட்டர் இறங்கி இறங்கி, நீ குழாயைத் திறந்து ஏற்றி ஏற்றி வைக்கிறாயா? ஆறின நிலையில் 1 முதல் 1.5 பார் அழுத்தம் இருக்க வேண்டும். வாரா வாரம் இறங்கினால் எங்கோ கசிகிறது. ரேடியேட்டர் வால்வு ஒவ்வொன்றின் அடியிலும் காகிதம் வைத்துப் பார். வெளிச்சுவரில் ஒரு செம்புக் குழாய் வாயைக் கீழே பார்த்துத் துருத்திக்கொண்டிருக்கும், அதன் நுனி ஈரமா பார். சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுப் பாத்திரத்தில் காற்று இறங்கிப்போனால் சூடேறும்போது பிரஷர் 3 பார் வரை போய், சேஃப்டி வால்வு தண்ணீரை அந்த வழியாகக் கக்கிவிடும். ஆறினதும் மீட்டர் விழும். நீ மறுபடி ஏற்றுவாய். சேறு இப்படித்தான் வளர்கிறது. கசிவைப் பார்க்காமல் தண்ணீர் சேர்க்காதே. உங்கள் லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு வேறு. கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறது என்று மருமகளே சொன்னாள். நம் போர் தண்ணீரில் கீசர் காயில் என்ன ஆனது என்று நினைவிருக்கும்.

அடுத்தது, ஒரு ரேடியேட்டரிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடி. கண்ணாடி டம்ளர். டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக வந்தால் பழைய சேறு. செம்மண் நிறத்தில் வந்தால் இன்றைக்கும் ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அது அவசரம். போட்டோ எடுத்துச் சின்னவனுக்கு அனுப்பு, அவன் எனக்குக் காட்டுவான்.

எல்லா ரேடியேட்டரும் அப்படியா, ஒன்றிரண்டு மட்டுமா? நீ சொல்லவில்லை. நீ எதையும் முழுசாகச் சொல்வதில்லை, சின்ன வயதிலிருந்தே. சைக்கிள் விஷயத்திலும் மூன்றாவது ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றிரண்டு என்றால் நீயே கழற்றிக் கழுவலாம், காசு செலவில்லை. குட்டியின் அறையில் இருப்பதை முதலில் எடு. ஹீட்டிங்கை நிறுத்தி நன்றாக ஆறவிடு. ஒரு பக்கம் எண் போட்ட வால்வு இருக்கும். அதைச் சைபரில் வைத்தால் மூடிவிட்டது என்று நம்பாதே, குளிர் கூடினால் தானே திறந்துகொள்ளக்கூடும். தலையைக் கழற்றிவிட்டு மூடி போட்டு இறுக்கு. மறு பக்கம் மூடி போட்ட வால்வு, லாக்‌ஷீல்டு என்பார்கள். அதை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வை. திரும்பத் திறக்கும்போது அதே எண்ணிக்கை. இல்லாவிட்டால் ஒரு அறை வேகும், ஒரு அறை விறைக்கும். கார்ப்பெட்டில் பழைய துணியும் பிளாஸ்டிக்கும் விரி. அந்தக் கறுப்புத் தண்ணீர் பட்டால் கறை போகவே போகாது. அடியில் பேசின் வைத்து நட்டை மெதுவாக இளக்கு, ஒரு ஸ்பேனரால் வால்வைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருகு. ஒரே ஸ்பேனரில் செய்தால் குழாய் முறுக்கிக்கொள்ளும். பிறகு உச்சிக் குமிழைத் திற, தண்ணீர் இறங்கும். தூக்கும்போது இரண்டு துவாரத்தையும் அடைத்துக்கொள். சேறோடு கனமாக இருக்கும், இரண்டு ஆண்கள் தூக்க வேண்டியது. மருமகளைத் தூக்கச் சொல்லாதே. தோட்டத்தில் சாய்த்து வைத்து ஹோஸ் பைப் விட்டு ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழுவு, தெளிந்த தண்ணீர் வரும்வரை.

பெரிய பம்பைப் பிரிக்கிறேன், வந்து பிடி என்றால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவன் நீ. அந்தப் புத்தகம்தான் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டது, இல்லையென்று சொல்லவில்லை. நம் தெருவில் லண்டனில் சொந்த வீடு வாங்கினவன் நீ ஒருத்தன்தான். தேரடியில் யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்திருந்தால் இன்றைக்கு ஒருத்தனுக்காகக் காத்திருக்க வேண்டாம் பார்.

எல்லா ரேடியேட்டரும் அப்படி என்றால் அது முழு வேலை. சின்னவன் லேப்டாப்பில் தேடிக் காட்டினான். பவர் ஃப்ளஷ் என்று ஒரு பம்பைக் கொண்டுவந்து மாட்டி, மருந்து கலந்து, ஓட்டத்தை முன்னும் பின்னும் மாற்றி அடித்து, காந்தத்தில் சேறைப் பிடிக்கிறார்கள். பல நூறு பவுண்டு ஆகும். நம் பணத்தில் கணக்குப் போட்டுப் பார்க்காதே. அதைவிடக் குறைந்த வழியும் உண்டு. கழுவும் மருந்தை மட்டும் வாங்கி உள்ளே ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நாள்வரை ஹீட்டிங்கை ஓட்டி, வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, மறுபடி வடித்து, தெளியும்வரை செய்வது. ரொம்ப இறுகினதை அது கரைக்காது. ஆனால் பொறுமையாகச் செய்தால் பாதிக்கு மேல் வந்துவிடும்.

எதைச் செய்தாலும் கடைசியில் இன்ஹிபிட்டர், அதாவது அரிப்பைத் தடுக்கும் மருந்து, ஊற்றாமல் விடாதே. அது இல்லாமல் கழுவுவது வீண், புதுத் தண்ணீர் இரும்பைப் புதிதாகத் தின்னும். ஃபெர்னாக்ஸ், சென்டினல் என்று விற்கிறார்களாம். எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு என்று பாட்டிலிலேயே இருக்கும், குறைத்து ஊற்றாதே. பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்று மாட்டச் சொல். வருஷம் ஒரு தடவை திறந்து துடைக்க வேண்டும். உங்கள் ஊர் தர நிர்ணயமே இருக்கிறது, பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு பி.எஸ். 7593, 2019-ல் திருத்தியது. ஃபில்டர் வேண்டும், வருஷா வருஷம் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை செய்ய வேண்டும் அல்லது மருந்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. உன் வீடு வாங்கும்போது அனுப்பிய காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். பாய்லர் காகிதத்தில், கேஸ் வேலைக்காரர்களைப் பதிவு செய்துவந்த கோர்கியின் முத்திரை. அந்தப் பதிவு 2009-ல் போய் கேஸ் சேஃப் வந்துவிட்டது. அப்படியென்றால் அந்த பாய்லர் எத்தனை பழசு, நீயே பார்.

பாய்லரின் மூடியை மட்டும் நீ தொடாதே. ரேடியேட்டர் தண்ணீர், கழுவலாம். பாய்லர் கேஸ், அதற்கு கேஸ் சேஃப் அட்டை வைத்திருப்பவன்தான் வர வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்கு அவன் தகுதி என்று போட்டிருக்கும், திருப்பிப் பார். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? பட்டனை அழுத்திப் பார். வருகிறவன் "புது பாய்லர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பான். சேறைக் கழுவாமல் புது பாய்லர் மாட்டினால் அதன் உள்குழாய்கள் இன்னும் மெல்லியவை, சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பெரியத்தை மாடி வீட்டில் நடந்ததுதான் உனக்கும் நடக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் பண்ணு.

முந்தாநாள் டோல்கேட்டில் உன் சிநேகிதனின் அப்பாவைப் பார்த்தேன். அவன் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம், பெரிய பெரிய சம்பளக்காரர்களையே. அவர் எப்போதும் ஏதாவது சொல்வார். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

எந்தக் கிழமை என்றாலும், மத்தியானம் என்றாலும் போன் பண்ணு. நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். ஒரே அறையில் மின்சார ஹீட்டர் வைத்துக்கொண்டு மூன்று பேரும் படுக்காதீர்கள், அதுவும் செலவு. குட்டிக்குச் சளி பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. கசிவைப் பார்க்காமல் தண்ணீர் சேர்க்காதே. மறுபடியும் சொல்கிறேன் என்று கோபிக்காதே, சேர்க்காதே.

இன்னொன்று. என் பெயரில் இருக்கும் டெபாசிட் ஒன்று தை மாதம் முதிர்கிறது. வங்கியில் புதுப்பிக்கிறீர்களா, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார்கள். எனக்கும் அம்மாவுக்கும் இப்போது பெரிய செலவு எதுவும் இல்லை, பென்ஷனே மிஞ்சுகிறது. சின்னவனுக்குத் தெரியும், அவனும் சரி என்றுதான் சொன்னான். பாரத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் ஒன்றா எல்லாமா என்று நீ எழுதினதும் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்பா