கையெழுத்துப் போட்டுவிடாதே பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "எனக்கு எதுவும் வேண்டாம்ப்பா, எல்லாத்தையும் தம்பிக்கே எழுதிடுங்க" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. நாலு நாளாக மனதில் வைத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

இதே வார்த்தையை உன் அத்தையும் சொன்னாள். தாத்தா 1993-ல் உயில் எதுவும் எழுதாமல் போய்விட்டார். 12 மா நிலமும், அதாவது சுமார் நாலு ஏக்கரும், அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாயி, நான், சித்தப்பா, அத்தை நாலு பேருக்கும் சமபங்கு. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அத்தையை மன்னார்குடி பத்திர ஆபீசுக்கு அழைத்துப்போய், தன் பங்கை எனக்கும் சித்தப்பாவுக்கும் விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். "சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு, இனி என்ன" என்று ஊரே பேசிய காலம். கட்டைவிரலில் மையை அப்பி உருட்டினார்கள். வெளியே வந்து அந்த மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே, "பசங்க நல்லா இருந்தா போதும்" என்றாள். நான் ஒரு காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். அடுத்த வருஷம் அத்தை வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனபோது, இருந்த நகையை அடகு வைத்தாள். என்னிடம் கேட்கவில்லை. கேட்கும் உரிமையைத்தான் நான் எழுதி வாங்கிவிட்டேனே.

அதனால் இந்த வீட்டில் இன்னொரு பெண் வெட்கத்துக்காகவும் பாசத்துக்காகவும் கையெழுத்துப் போடக்கூடாது என்று முடிவு செய்தேன். போன மாதம் உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டேன்.

முதலில் அத்தை விஷயம். அவளுடைய 3 மாவில் பாதி, ஒன்றரை மா, என் பங்கில் சேர்ந்தது. அதை உயிலில் எழுதவில்லை. உயில் நான் போன பிறகுதான் பேசும், அவளுக்கோ 71 வயதாகிறது. செட்டில்மென்ட் பத்திரம் எழுதினால் இப்போதே அவளுடையதாகிவிடும். சித்தப்பா தன் பாதியை என்ன செய்வார் என்பது அவர் மனசு, நான் கேட்கவில்லை.

அப்பாயி தன் 3 மாவை எனக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதியாக எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து, என்னிடம் மீதி நாலரை மா. உனக்கு இரண்டேகால், தம்பிக்கு இரண்டேகால். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் முடியாது, அப்பாவிடமிருந்து வாரிசாக வருவதற்குத் தடையில்லை. சிங்கப்பூரில் இருப்பதை ஒரு காரணமாகச் சொல்லாதே. வீடு அம்மாவுக்கு ஆயுள் முழுக்க. அவளை யாரும் "எழுந்திரு" என்று சொல்ல முடியாதபடி எழுதியிருக்கிறேன். அவளுக்குப் பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் சமம். பேங்க் டெபாசிட்டுக்கு அம்மா நாமினி. ஆனால் நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரிமை, சொந்தமாகிவிடாது என்று வக்கீல் விளக்கினார். அதனால் அந்தப் பணம் அம்மாவுக்கே என்று உயிலிலும் தனியாக எழுதிவிட்டேன். அம்மாவின் நகை அம்மாவுடையது, அதில் நான் கை வைக்கவில்லை.

உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி, நானும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டாலே செல்லும். ஆனாலும் நாளைக்கு யாரும் "இது அவர் கையெழுத்தே இல்லை" என்று கிளம்பக்கூடாது அல்லவா. சாட்சி போட்ட இருவரும் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்கள். பார்த்துத்தான் கேட்டேன். வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லவேண்டும், என் வயதுக்காரர்களைப் போட்டு என்ன பயன்?

தம்பியைத் திருச்சியிலிருந்து வரவழைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "குத்தகைக்காரரை மாத்த வேண்டாம்ப்பா, அக்காகிட்டயும் சொல்லிடுங்க" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அவன்மேல் வருத்தம் துளியும் இல்லை, நீயும் வைத்துக்கொள்ளாதே.

"கல்யாணத்துக்கு 30 பவுன் போட்டீங்களே" என்றும் சொன்னாய். தம்பியை இன்ஜினியரிங் படிக்கவைக்கக் கட்டிய பணத்தை அவன் பங்கில் நான் கழிக்கவில்லை. உன் நகையை மட்டும் எதற்குக் கழிக்கவேண்டும்? நான் போன பிறகு சொந்தக்காரர்கள் யாராவது, "நீதான் வசதியா இருக்கியே, விட்டுக் கொடுத்துடும்மா" என்று பத்திரத்தை நீட்டுவார்கள். நல்லவர்கள்தான் நீட்டுவார்கள். அன்றைக்கு நீட்டியவன் நான். தம்பிக்கு உண்மையிலேயே கஷ்டம் வந்தால் உன் நிலத்திலிருந்து நீயாக உதவி செய். அது வேறு.

உயில், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பீரோவின் மேல்தட்டில் நீல ரெக்சின் பையில் இருக்கின்றன. சாவி சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால். உயிலின் நகல் ஒன்று தம்பியிடம் இருக்கிறது, இன்னொன்றை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அத்தைக்கான பத்திரத்தைத் தை மாதம் நீ வரும்போது பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் கூட வா. அன்றைக்கு அவளை பஸ்ஸில் அனுப்பாமல் கார் வைத்து வீட்டுக்கு அழைத்துவந்து சாப்பாடு போடவேண்டும் என்று அம்மா சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா