ராணுவ நீதிமன்றத் தண்டனைப் பதிவு குறித்து முன்னாள் படைவீரரின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
முன்னாள் நாயக், இந்தியத் தரைப்படை (ஓய்வு)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.
(முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர் கூட்டத்தில் நேரில் அளிக்கப்படுகிறது)

பொருள்: ராணுவ நீதிமன்றத் தண்டனை விவரங்களைப் பிறருக்கு வழங்கும் முறையைச் சீராக்கவும், விசாரணைக் கோப்புகளைப் பாதுகாக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 1989இல் தரைப்படையில் சேர்ந்து, 17 ஆண்டுப் பணிக்குப் பின் 2006இல் ஓய்வு பெற்றவன். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் நடத்தை 'மிக நன்று' என்றே இருக்கிறது. ஆனால் என் கண்டக்ட் ஷீட்டில் (தண்டனைகளைக் குறிக்கும் நடத்தைப் பதிவேடு) சிவப்பு மையில் ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மனு.

1997இல் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது என் தாயாருக்கு அவசரமாக அறுவை சிகிச்சை நடந்தது. விடுப்பை நீட்டிக்கக் கேட்டுத் தந்தி அடித்தேன், பதில் வரவில்லை. 19 நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். சம்மரி கோர்ட் மார்ஷல் (சுருக்க முறை ராணுவ நீதிமன்ற விசாரணை) வைத்தார்கள். அதில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். உடன் இருவர் உட்கார்ந்திருப்பார்கள், தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. மேலிட ஒப்புதலும் தேவையில்லை. தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு என்னை உள்ளே நிறுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று இந்தியில் கேட்டார்கள். "ஜீ சாப்" என்றேன். நாள் கடந்தது உண்மைதானே! மருத்துவமனைச் சீட்டையும் தந்தி ரசீதையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு, 21 நாள் கடுங்காவல் தண்டனை விதித்தார்கள். முகாமின் காவல் அறையான குவார்ட்டர் கார்டில் அனுபவித்து முடித்தேன். அந்தத் தண்டனையைப் பற்றி இன்றும் எனக்குக் குறையில்லை. படையென்றால் கட்டுப்பாடு வேண்டும்.

குறை பிறகு நடந்ததைப் பற்றியது. சென்ற ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்தில் காவலாளர் வேலைக்குப் போனேன். சரிபார்ப்புக்காக அவர்கள் எழுதிக் கேட்டதற்கு, ராணுவ ஆவண அலுவலகத்திலிருந்து வந்த பதிலில் "ராணுவச் சட்டம் 1950, பிரிவு 39(பி), கடுங்காவல் 21 நாள்" என்று மட்டும் இருந்தது. 39(பி) என்றால் விடுப்பு முடிந்தும் திரும்பாமல் இருந்தது என்று அங்கே யாருக்குத் தெரியும்? வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்து, "திருட்டு கேஸா, அடிதடியா?" என்று கேட்டார்கள். நான் சொன்ன விளக்கத்தை நம்பவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. சாதாரண சிவில் வேலையில் விடுப்புக்கு மேல் நாலு நாள் தங்கினால் சம்பளம் பிடிப்பார்கள். யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை.

விளக்கத்துக்கு ஆதாரம் வேண்டுமென்று விசாரணைக் கோப்பின் நகலைக் கேட்டு எழுதினேன். காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. ராணுவ விதிகள் 1954இன்படி இத்தகைய விசாரணைக் கோப்பைக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதுமாம். அது இருக்கும்வரைதான் தண்டிக்கப்பட்டவர் நகல் கேட்க முடியும். ஆக, என் பக்க நியாயமான தந்தி ரசீது போய்விட்டது. என்மேலுள்ள சிவப்பு வரி மட்டும் ஆயுளுக்கும் நிற்கிறது.

பதிவே கூடாது என்று நான் கேட்கவில்லை. 2010இல் காஷ்மீரின் மச்சிலில் பொதுமக்கள் மூவர் கொல்லப்பட்ட வழக்கின் கோப்பு ஒருநாளும் காணாமல் போகக்கூடாது. அந்த வழக்கில் ராணுவத்தினருக்கு ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2017இல் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்தது. இரண்டு உத்தரவும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் படிப்பவருக்கு உண்மை தெரியும். கொலை, பாலியல் குற்றம், கையாடல் போன்றவற்றை மறைப்பது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம். விடுப்பு கடந்தவனையும் அந்தக் குற்றங்களைச் செய்தவர்களோடு 'தண்டிக்கப்பட்டவர்' என்ற ஒரே சொல்லில் அடைப்பதுதான் தவறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்குத் தகுதியிழப்பு கூடாதென்று 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. படைக்கட்டுப்பாட்டுக் குற்றத்துக்காகத் தண்டனையை முழுமையாக அனுபவித்தவனுக்கு அந்த அளவு இரக்கம்கூட இல்லையா?

எனவே, மாவட்ட முன்னாள் படைவீரர் நல வாரியத்தின் தலைவர் என்ற முறையில் தாங்கள் இம்மனுவைத் தங்கள் பரிந்துரையுடன் அரசின் வழியாகப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன். தண்டனை விவரத்தை வெளியாருக்குத் தருமுன் உரியவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் பெற வேண்டும். தரும் தாளின் நகல் அவருக்கும் வர வேண்டும். பிரிவு எண்ணோடு குற்றம் என்னவென்பதையும், அது ராணுவத்துக்கு வெளியே பொதுச் சட்டத்திலும் குற்றமா இல்லையா என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். விசாரணைக் கோப்பை, குறைந்தபட்சம் அதன் ஸ்கேன் நகலையாவது, தண்டிக்கப்பட்டவர் உயிரோடிருக்கும்வரை அழிக்கக்கூடாது. இதற்கெல்லாம் டெல்லி உத்தரவு வரக் காலமாகலாம். அதுவரை நம் மாவட்டத்தில், வேலைக்கான சரிபார்ப்பின்போது கண்டக்ட் ஷீட் நகலை யாருக்கும் நேரடியாகக் கொடுக்க வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: டிஸ்சார்ஜ் புத்தக நகல், ஆவண அலுவலகப் பதிலின் நகல். கண்டக்ட் ஷீட்டை இணைக்கவில்லை. மனு பல மேஜைகளுக்குப் போகும் என்பதால், தாங்கள் அழைக்கும்போது நேரில் காட்டுகிறேன்.